தன்பாலீர்ப்பு நண்பர்களைப் பற்றின மொழிபெயர்ப்பு நாடகம்: கதையைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவாறதோ, நியூயோர்க்கிலயே விடுறதோ?

கேள்வி
கனகபுரத்தாள், கிளிநொச்சி

எல்லாருக்கும் வணக்கம். நாடகம் செய்யிற ஆக்கள், நாடகம் பாக்கிற ஆக்கள், ரெண்டு பேரிட்டயும்தான் கேக்கிறன்.

நான் பகலில ஒரு கூட்டுறவுச் சங்கத்தில கணக்கு எழுதுறன். பின்னேரம் நாடகம். எங்கட குழுவில உழவு மெசின் ஓடுற தம்பி ஒருத்தன் இருக்கிறான், ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் இருக்கிறார், போன் கடை வைச்சிருக்கிறவர் இருக்கிறார், கம்பஸ் முடிச்சிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளையள் இருக்கினம். இதுவரைக்கும் காணிப் பிரச்சினை, குடி, நுண்கடன் எண்டு ஊர்ப்பாடுகளைத்தான் போட்டனாங்கள். நுண்கடன் நாடகத்தை மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான் எண்டு எல்லா இடமும் கூப்பிட்டுப் போடவைச்சவை.

இப்ப கையில எடுத்திருக்கிறது மார்ட் குறோலியின்ர 'த போய்ஸ் இன் த பாண்ட்'. 1968இல நியூயோர்க்கில ஒரு சின்ன அரங்கில தொடங்கி ஆயிரம் காட்சி ஓடின நாடகம். 2018இல புரோட்வேயில போட்டவை, 2020இல படமாவும் வந்தது. ஒரு வீடு, ஒரு பிறந்தநாள் இரவு, ஒன்பது ஆம்பிளையள். ஆம்பிளையளை விரும்பிற கூட்டாளியள். நடுவில, கூப்பிடாமல் வந்து நிக்கிறான் ஒரு பழைய கல்லூரிச் சிநேகிதன், கலியாணம் கட்டினவன். குடி ஏற ஏற, வீட்டுக்காரன் ஒரு விளையாட்டைத் தொடங்குறான்: ஒவ்வொருத்தனும் தான் உண்மையா நேசிச்ச ஒரே ஒரு ஆளுக்குப் போன் எடுத்து அதைச் சொல்லவேணும்.

எங்கட ஆங்கில ஆசிரியர் முழுவதையும் தமிழாக்கிப்போட்டார். உரிமை வைச்சிருக்கிற முகவருக்கும் எழுதியிருக்கிறம்.

ஏன் இந்த நாடகம் எண்டு கேப்பியள். எங்கட குழுவில ரெண்டு பேர் அப்பிடியானவை. அவையாத்தான் என்னட்டச் சொன்னவை. இதை எழுதலாம் எண்டும் சொன்னவை. வன்னி மேடையில எங்கட சனம் காதலிச்சிருக்கு, சண்டை பிடிச்சிருக்கு, செத்திருக்கு. இவை ரெண்டு பேரும் எல்லா நாடகத்திலயும் நிண்டு உழைச்சவை, ஆனா தங்கட வாழ்க்கையை அந்த மேடையில ஒருநாளும் காணேல்லை. எனக்கு அது பொறுக்கேல்லை.

தென்னாபிரிக்காவில ஆபிரிக்கான்ஸ் மொழிக்காரர் இப்பிடியான நாடகங்களை மொழிபெயர்த்துப் போடுகினம் எண்டு வாசிச்ச நாளில இருந்து எனக்கு அதே யோசனைதான். அந்த மொழியின்ர பேரில நடந்தது எனக்குத் தெரியும். 1976இல சொவெற்றோவில பிள்ளையள் றோட்டுக்கு இறங்கிச் சூடு வாங்கினது அந்த மொழியைப் பள்ளிக்கூடத்தில திணிச்சதாலதான். ஆனாலும் அங்கயும் பண்ணை, தேவாலயம், சொந்தபந்தம், "சனம் என்ன சொல்லும்" எண்டு வாழுற சின்னச் சின்ன ஊருகள். அந்தச் சனத்துக்கு முன்னால, அந்தச் சனத்தின்ர மொழியில எப்பிடிப் போட்டவை? அதை ஆரும் பாத்திருந்தாச் சொல்லுங்கோ.

இப்ப என்ர சிக்கல். கதையை நியூயோர்க்கில விட்டா, பாக்கிற சனம் "இது வெள்ளைக்காரற்ற பழக்கம், எங்களுக்கு என்ன" எண்டு எழும்பிப் போயிடும். கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தா நடிக்கிற பெடியளுக்குத்தான் அடி விழும்.

ஒத்திகையில நடந்த ஒண்டைச் சொல்லுறன். பரந்தன் பக்கம் ஒரு மில்லின்ர பழைய நெல் ஸ்டோரிலதான் ஒத்திகை. நாடகத்தில பேர்ணாட் எண்டு ஒரு கறுப்பினப் பெடியன். தாய் வேலைக்கு நிண்ட வெள்ளைக்கார வீட்டு மகனைத்தான் அவன் சின்னனில இருந்து விரும்பினவன். விளையாட்டில அந்த வீட்டுக்குப் போன் எடுக்கிறான். மகன் இல்லை, தாய் கதைக்கிறா. சொல்ல வந்ததைச் சொல்லாமல், உங்கட மகன்ர விவாகரத்துக் கேள்விப்பட்டன், கவலையா இருக்கு எண்டு சொல்லிப்போட்டு வைக்கிறான். இந்த வேசம் உழவு மெசின் தம்பிக்கு. அவன்ர அம்மம்மா ஆக்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டத்தில இருந்து வந்து வன்னியில குடியேறினவை. தமிழாக்கத்தில "திருமதி டால்பெக் இருக்கிறாரா" எண்டு இருந்தது. அதை ஒருக்கா வாசிச்சான். பிறகு தாளை மூட்டைக்கு மேல வைச்சிட்டு, தன்ர கைபேசியைக் காதில வைச்சுக்கொண்டு, "அம்மா, நான் உங்கட வயலுக்கு வாறவவின்ர மகன் கதைக்கிறன்" எண்டான். சொல்லிக்கொண்டே எழும்பி நிண்டுட்டான். மற்றப்பக்கம் ஆரும் இல்லை, போன் வேலைகூடச் செய்யேல்லை, ஆனா இருந்துகொண்டு அந்த அம்மாவோட கதைக்க அவனுக்கு ஏலேல்லை.

ஸ்டோரில ஒருத்தரும் மூச்சு விடேல்லை. இப்ப சொல்லுங்கோ, நான் எப்பிடித் திரும்ப "திருமதி டால்பெக்" எண்டு சொல்லச் சொல்லுறது?

இன்னொண்டு. போன் கடைக்காரத் தம்பிக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்குது. அவன் அப்பிடியானவன் இல்லை, ஆனா நடிக்க விருப்பம். பெம்பிளை வீட்டார் கேள்விப்பட்டா? அவனுக்கு நான் என்ன சொல்லுறது?


பதில்
வைரவபுளியங்குளம், வவுனியா

அக்கா, சட்டப்பக்கத்தை முதல் சொல்லிவிடுறன், ஏனெண்டா நாளைக்குப் பயமுறுத்த வாறவை அதைத்தான் தூக்கிக்கொண்டு வருவினம்.

தண்டனைச் சட்டக்கோவையில 365, 365அ எண்டு, ஒரே பாலாற்ற உறவைக் குற்றமாக்கிற ரெண்டு பிரிவு இருக்கு. 1883இல பிரித்தானியர் கொண்டுவந்தது. 1995இல திருத்தினவை, ஆனா நீக்குறதுக்குப் பதிலாப் பெண்களையும் உள்ளுக்கு எடுத்தவை. 2023 மே மாதம் உயர் நீதிமன்றம், இந்தக் குற்றத்தை நீக்கிற தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு சொன்னது. ஆனா அது சட்டமாகாமலே 2024இல நாடாளுமன்றம் கலைஞ்சுது. இந்தப் பிரிவுகள் ஆக்கள் செய்யிற செயலைப் பற்றினவை. மேடையில ரெண்டு பேர் நிண்டு காதலைப் பற்றிக் கதைக்கிறது இதுக்குள்ள வராது. ஆராவது பொலிசில இருந்து வந்து 365 எண்டு சொன்னா, எந்த வசனம், எந்தச் செயல் எண்டு எழுத்தில கேளுங்கோ.

உண்மையில பாக்கவேண்டியது வேற ஒரு சட்டம். 1912ஆம் ஆண்டுப் பொது அரங்காட்டுகைச் சட்டம். பிரதி கொழும்பில இருக்கிற சபைக்குப் போய் அனுமதி வாங்கவேணும். கன குழுக்கள் ஊர் நாடகத்துக்கு இதைக் கவனிக்கிறேல்லை, பிரச்சினையும் வாறேல்லை. நீங்கள் கவனியுங்கோ. இந்த நாடகத்தில ஒரு தாள் குறைஞ்சாலும் அதைப் பிடிச்சுக்கொண்டு நிறுத்துவினம். பிரதேச சபையின்ர கேளிக்கை வரி, மண்டபக் கடிதம் எல்லாத்தையும் கோவையில போட்டு வைச்சிருங்கோ. அழைப்பிதழில 18 வயசுக்கு மேல எண்டு போடுங்கோ. பாடசாலை மண்டபம் வேண்டவே வேண்டாம்.

இடத்தை மாத்துற விசயத்தில எனக்கு ஒரு பயம். உரிமை குடுக்கிற முகவர்மார் மொழிபெயர்ப்புக்கு அனுமதி தருவினம். ஊரையும் பேரையும் மாத்துறது தழுவல். அதுக்கு வேற அனுமதி வேணும், கன இடத்தில தரமாட்டினம். கேக்காமல் மாத்தாதேங்கோ.


பதில்
ஒரு பெரியவர், புதுக்குடியிருப்பு

பிள்ளை, உங்கட குழுவின்ர நுண்கடன் நாடகம் பாத்தனான், மனசில நிக்குது. அதாலதான் எழுதுறன். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில 2017 மாசி மாதம் தொடக்கம் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தோட இருந்தவை. கன பேர் விடை தெரியாமலே செத்துப்போட்டினம். காணி இன்னும் முழுசா விடுபடேல்லை. இந்த நிலத்தில நாடகம் போடுற சக்தி உள்ள ஆக்கள் கொஞ்சப்பேர்தான். அந்தச் சக்தியை இதில செலவழிக்கவேணுமோ எண்டு யோசியுங்கோ. கோபத்தில கேக்கேல்லை.


பதில்
அண்ணாவியார் வீட்டுப் பேரன், முள்ளியவளை

நான் கோவலன் கூத்துக்காரற்ற பிள்ளை. வற்றாப்பளை அம்மன் சன்னிதியை அண்டி வாழுற எங்களுக்குக் கண்ணகி கதை நாடகம் இல்லை, நேத்தி. அதில கண்ணகியும் மாதவியும் ஆம்பிளையள்தான். மீசை எடுத்து, சீலை கட்டி, முடி வைச்சு வட்டக்களரிக்கு வரேக்க எங்கட சனம் சிரிக்கிறேல்லை. வேசம் கட்டினவர் ஆரெண்டு தெரியும், பகலில அவர் மண்வெட்டியோட போறதைப் பாத்தவை, எண்டாலும் அழுவினம். ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையைப் பாத்து "நாதா" எண்டு பாட, தலைமுறை தலைமுறையா இருந்து பாத்த சனம் இது. அதால பாக்கிற சனத்தைக் குறைச்சு மதிக்காதேங்கோ தங்கச்சி.

ஆனா ஒரு எச்சரிக்கை. கூத்தில பெண்வேசம் கட்டுறது வேற, நீங்கள் போடப்போற ஆக்கள் வேற. உங்கட நடிகர் ரெண்டையும் கலந்தினமெண்டா நாடகம் போயிடும். தொலைக்காட்சிப் பகிடியில வாற மாதிரி இடுப்பை ஆட்டி, கையை மடக்கி, குரலை இழுத்தா முதல் அஞ்சு நிமிசத்தில சபை சிரிக்கும். பிறகு நீங்கள் என்ன அழுதாலும் அந்தச் சிரிப்பு நிக்காது. நாடகத்தில எமோரி எண்டு ஒருத்தன் அப்பிடி நளினமா நடக்கிறவன்தான், மறுக்கேல்லை. அந்த வேசத்தை உங்கட குழுவிலயே கெட்டிக்கார நடிகனிட்டக் குடுங்கோ, பகிடிக்காரனிட்டக் குடுக்காதேங்கோ. அவனில ஒரு துளி கேலி இருந்தாலும் நிப்பாட்டுங்கோ. மற்ற எட்டுப் பேரும் சந்தியில தேத்தண்ணிக் கடையில நிக்கிற ஆம்பிளையள் மாதிரி நிக்கட்டும். அதுதான் சனத்தைக் கலக்கும்.

தென்னாபிரிக்கா எண்டதால ஒண்டு. அதோல் ஃபியூகாட், ஜோன் கானி, வின்ஸ்டன் இன்ட்ஷோனா மூண்டு பேரும் சேந்து 1973இல செய்த 'த ஐலண்ட்' நாடகத்தில, சிறையில ரெண்டு கைதியள் அன்ரிகனி எண்ட பழைய கிரேக்க நாடகத்தைப் போடப் பாக்கினம். பொய்முடியும் மார்பும் கட்டிப் பெண்ணா நிக்கவேண்டியவன், மற்றக் கைதியள் சிரிப்பினம் எண்டு மறுக்கிறான். மற்றவன் சொல்லுற மறுமொழியின்ர சாரம்: சிரிப்பினம், பிறகு நிப்பாட்டிப்போட்டுக் கேப்பினம். நான் பெடியளுக்குக் கூத்துப் பழக்கேக்க இதைத்தான் சொல்லிக் குடுக்கிறனான்.


பதில்
மல்லாவிக்காரன், கேப் டவுன்

அக்கா, உங்கட கேள்வியைப் பாத்தவுடன எழுதவேணும் எண்டு வந்திட்டுது. நான் இஞ்ச துறைமுகத்தில கப்பல் திருத்திற வேலை. என்னோட வேலை செய்யிறவையில கன பேரின்ர வீட்டு மொழி ஆபிரிக்கான்ஸ். அவையோட இருந்துதான் நானும் பழகினன். அது வெள்ளையற்ற மொழி எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. அதைத் தாய்மொழியாப் பேசிறவையில அரைவாசிக்கு மேல வெள்ளையர் இல்லை. கேப் டவுன் புறநகரில கலப்பினச் சனம் பேசிறதும் அதுதான், பேச்சு மட்டும் வேற. ஆடம் ஸ்மோல் எண்டவர் 1965இல 'கன்னா ஹை கோ ஹைஸ்டூ' எண்ட நாடகத்தை அந்தப் பேச்சுமொழியில எழுதினவர். ஏழை வீட்டில வளந்து கனடாவில எஞ்சினியரான பெடியன் வளத்த தாயின்ர செத்தவீட்டுக்குத் திரும்பி வாற கதை. எங்கட வீடுகளில நடக்கிற கதை. மேடைக்கெண்டு ஒரு துப்பரவான ஆபிரிக்கான்ஸ் இருந்த காலத்தில, அடக்கப்பட்ட சனத்தின்ர வாயில இருந்த மொழியை அப்பிடியே மேடைக்கு ஏத்தினது பெரிய காரியம். உங்கட உழவு மெசின் தம்பி ஸ்டோரில செய்தது அதுதான்.

நீங்கள் கேட்ட விசயத்துக்கு வாறன். அந்த நாடகம் நியூயோர்க்கில தொடங்கினது 1968. இஞ்ச அதுக்கு ரெண்டு வருசம் முதல், 1966 தை மாதம், ஜொகனஸ்பேர்க்கில ஃபொறஸ்ட் ரவுண் எண்ட இடத்தில ஒரு வீட்டு விருந்துக்குள்ள பொலிஸ் புகுந்தது. அதைச் சாட்டி 1969இல ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தவை: விருந்தொண்டில ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையோட காம உணர்வைத் தூண்டுற எதைச் செய்தாலும் குற்றம். விருந்து எண்டா என்னெண்டும் சட்டத்தில எழுதினவை: ரெண்டு பேருக்கு மேல இருக்கிற எந்த இடமும் விருந்து. மூண்டு பேர் ஒரு அறையில இருந்தாப் போதும். உங்கட நாடகத்தில இருக்கிறது ஒன்பது பேர், பிறந்தநாள் விருந்து, அதிலயும் சேந்து ஆடுறவை. இஞ்சத்தைச் சட்டம் பயந்தது சரியா அந்த அறையைத்தான். அது போனது 1998இல, அரசியலமைப்பு நீதிமன்றத்தின்ர தீர்ப்போட. 1996 அரசியலமைப்பில பாலீர்ப்பு காரணமாப் பாகுபாடு காட்டேலாது எண்டு எழுதியிருந்தபடியாத்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

நான் பாத்தது ஓட்ஸ்ஹோர்ன் எண்ட ஊரில. தீக்கோழி வளக்கிற வரண்ட பிரதேசம், வெக்கை எங்கட ஆவணி மாதம் மாதிரி. அங்க 1995இல தொடங்கின பெரிய ஆபிரிக்கான்ஸ் கலைவிழா ஒண்டு நடக்கிறது. பாடசாலை மண்டபங்களைத்தான் அரங்காக்குவினம். நான் போனது ஆங்கிலத்தில இருந்து மொழிபெயர்த்த ஒரு நாடகம், தன்பாலீர்ப்புக் கூட்டாளியள் ஒரு வீட்டில கூடுற கதை. நீங்கள் சொல்லுற நாடகம் இல்லை, ஆனா அந்த வகைதான். கூட வேலை செய்யிறவர் கூட்டிக்கொண்டு போனவர்.

அதில கதை நடக்கிற ஊர் அந்நிய ஊராவே இருந்தது, பேரும் ஆங்கிலப் பேர்தான். ஆனா அவை கோபப்படேக்க, கெஞ்சேக்க, தாயைப் பற்றிக் கதைக்கேக்க வந்தது கருவூ எண்ட அந்த வரண்ட பிரதேசத்துப் பண்ணையளின்ர பேச்சு. எனக்கு முன்வரிசையில வயசான பண்ணைக்காரத் தம்பதி. மனிசன் கையைக் கட்டிக்கொண்டு கல்லு மாதிரி இருந்தார். மேடையில ஒருத்தன் செத்துப்போன கூட்டாளிக்காகச் செபம் சொல்லத் தொடங்கினான். அது அந்த மனிசன் ஞாயிற்றுக்கிழமையில சொல்லுற அதே செபம், அதே சொல்லு. அவர் கையை அவிட்டு முழங்காலில வைச்சார். பக்கத்தில மனிசி அவரைத் திரும்பிப் பாத்தா. வெள்ளைக்காரப் பழக்கம், நகரத்துப் பழக்கம் எண்டு சொல்ல அவருக்கு வழியில்லாமல் போட்டுது, ஏனெண்டா அவன் கும்பிட்டது இவற்ற வாயால.

அதால என்ர எண்ணம்: ஊரை மாத்தாமல் வாயை மாத்துங்கோ. வீட்டுக்காரன் மைக்கல் மைக்கலாவே இருக்கட்டும். ஆனா அவன் குடிச்சிட்டு வயித்தெரிச்சலில கத்தேக்க அது கிளிநொச்சியில ஒருத்தன் கத்துற மாதிரி இருக்கட்டும். எழுத்துத் தமிழில கத்தினா ஒருத்தரும் நம்பாயினம். இப்பிடிச் செய்தா உரிமைச் சிக்கலும் இல்லை. மொழிபெயர்ப்பெண்டா ஒரு பேச்சுமொழிக்குத்தானே மொழிபெயர்க்கவேணும்.

ஆனா இஞ்சத்தைக் கதையை அப்பிடியே அங்க பொருத்தேலாது. இஞ்ச சட்டம் முதல் மாறினது, பிறகுதான் ஊர் மண்டபங்கள் மெல்ல மெல்லத் திறந்தது. விழாக் கையேட்டில ஒவ்வொரு நாடகத்துக்கும் வயசெல்லை போட்டிருக்கும், விரும்பாதவர் வரமாட்டார். தேவாலயம்கூட இன்னும் இழுபறிதான்: பெரிய டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை 2015இல ஒருபால் இணைவுகளை ஏத்துக்கொண்டது, அடுத்த வருசமே மாத்திப்போட்டுது, 2019இல பிரிட்டோறியா மேல்நீதிமன்றம் அந்த மாத்தினதைச் செல்லாதெண்டது. எங்கட பக்கம் சட்டமும் இல்லை, விழாவும் இல்லை. முதல் காட்சி அழைப்பிதழோட மட்டும் வையுங்கோ.

பேர்ணாட் காட்சியைப் பற்றி ஒண்டு. இந்த நாட்டில எந்த வீட்டுக்காரரிட்டயும் அந்தக் காட்சியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அங்கயும் தேவையில்லை எண்டு உங்கட ஸ்டோரில தெரிஞ்சுபோச்சு. அவன் எழும்பி நிண்டதை ஒரு காரணத்துக்கும் எடுக்காதேங்கோ.


பதில்
அலம்பில் கரை, முல்லைத்தீவு

நான் அப்பிடியானவன். வயசு நாப்பதுக்கு மேல. கலியாணம் கட்டேல்லை, ஏன் எண்டு ஊர் கேட்டு ஓய்ஞ்சிட்டுது. என்னோட இன்னும் மூண்டு பேர் இருக்கினம், நாங்கள் கூட்டாளியள். ஞாயிற்றுக்கிழமையில ஒருத்தன்ர வீட்டில சமைப்பம். ஒருத்தன் திருக்கை கறி வைச்சானெண்டா மற்றவை கதைக்காமல் சாப்பிடுவினம். அழுகிற நாள் குறைவு, சிரிக்கிற நாள் கூட. இதை முதல் சொல்லுறன், ஏனெண்டா உங்கட நாடகத்தை நான் படமாப் பாத்திருக்கிறன். அதில எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறுகினம், தங்களையே வெறுக்கினம். 1968இல அது உண்மை. அடுத்த வருசம்தான் அதே நியூயோர்க்கில ஸ்டோன்வோல் மதுச்சாலையில பொலிசுக்கு எதிரா அந்தச் சனம் எழும்பி நிண்டது. அதுக்கு முதல் எழுதின நாடகம் இது. இருவது வயசில ஒரு பெடியன் புதுக்குடியிருப்பில இருந்து பஸ் ஏறி வந்து பின்வரிசையில ஒளிச்சிருந்து பாத்தா, அவன் என்னத்தைக் கொண்டுபோவான்? தன்னை வெறுக்க இன்னொரு காரணத்தையோ? அதை யோசியுங்கோ அக்கா. போடவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. அவை ஒருத்தரை ஒருத்தர் நேசிக்கிற இடங்களும் அதில இருக்கு: காதலரான ஹாங்கும் லரியும் கடைசியில ஒண்டா மேல்மாடிக்குப் போகினம், எமோரி பேர்ணாட்டைக் கைத்தாங்கலாக் கூட்டிக்கொண்டு போறான். அந்த இடங்களை அவசரமாக் கடந்து போகாதேங்கோ. மற்றதுகள் தன்பாட்டில பெரிசாத் தெரியும்.

புதுக்குடியிருப்பு ஐயாவுக்கு. ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. என்னோட படிச்ச ஒருத்தன் 2009 சித்திரையில இல்லாமல் போனான். நான் அவனை விரும்பினனான், அவனும். அவன்ர அம்மா கந்தசுவாமி கோயிலடியில படத்தோட இருந்தவ. நான் போய்ப் பக்கத்தில இருந்திருக்கிறன், தண்ணிப் போத்தல் வாங்கிக் குடுத்திருக்கிறன். "தம்பி என்ர மகனோட படிச்சவர்" எண்டு மற்றத் தாய்மாருக்குச் சொல்லுவா. அவ்வளவுதான் நான். காணாமல் ஆக்கப்பட்டவைக்குள்ளயும் எங்கட ஆக்கள் இருக்கினம் ஐயா, அவையைத் தேடுறதுக்கு எங்களுக்கு ஒரு உறவுமுறை இல்லை. இது வேற பிரச்சினை, அது வேற பிரச்சினை எண்டு என்னால பிரிக்கேலாது.

அந்தப் போன் விளையாட்டில என்னை இருத்தினா, நான் எடுக்கவேண்டிய நம்பர் இல்லை. நாடகத்தில அப்பிடி ஒருத்தன் இல்லை. வன்னியில எழுதினா இருப்பான்.


கனகபுரத்தாள், கிளிநொச்சி

எல்லாற்ற பதிலையும் ஒத்திகையில வாசிச்சம். அலம்பில் அண்ணை, உங்கடதை வாசிச்சு முடிய அண்டைக்கு ஒத்திகை நடக்கேல்லை. சும்மா இருந்து கதைச்சம். குழுவில நான் சொன்ன ரெண்டு பேரும் முதல் தரம் மற்றவைக்கு முன்னால தங்களைப் பற்றிக் கதைச்சவை. அதுக்கு நான் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறன்.

ஊரும் பேரும் நியூயோர்க்கிலயே இருக்கும். வசனம் முழுக்க வன்னிப் பேச்சு. ஆங்கில ஆசிரியர் முதல்ல கஷ்டப்பட்டார், எழுத்துத் தமிழில செதுக்கி வைச்ச மனிசன். ஆனா பெடியளை வாசிக்கவிட்டுக் கேட்டுக் கேட்டுத் தானே மாத்திக்கொண்டு வாறார். டால்பெக் அம்மா டால்பெக் அம்மாவாவே இருப்பா. தம்பி எழும்பி நிண்டுதான் கதைப்பான்.

மல்லாவித் தம்பி, அந்தச் செபத்தைப் பற்றி எழுதினது எனக்கு வழி காட்டினது. எங்கட பிரதியிலயும் கடைசியில வீட்டுக்காரன் மைக்கல் நடுச்சாமப் பூசைக்குப் போறான், கத்தோலிக்கன். மடு மாதாவிட்டப் போய் வாற சனம் நிறையப் பேர் சபையில இருப்பினம். அந்த இடத்தில நாங்கள் வெட்டப் பாத்த நாலு வரியைத் திரும்பச் சேர்த்திட்டம்.

எமோரி வேசம் ஆரம்பப் பாடசாலை ஆசிரியருக்கு, முள்ளியவளை அண்ணை. எங்கட குழுவில பெரிய நடிகர் அவர்தான். தான் இதுவரைக்கும் செய்த வேசங்களில இதுக்குத்தான் கூடப் பயப்பிடுறன் எண்டார், ஆனா விடமாட்டன் எண்டும் சொன்னார்.

போன் கடைத் தம்பியின்ர விசயம். 1968இல இந்த வேசங்களை எடுக்க நடிகர் பயந்தவை, முகவர்மார் எதிர்காலம் கெட்டுப்போம் எண்டு தடுத்தவை. 2018இல புரோட்வேயில நடிச்ச ஒன்பது பேரும் தாங்கள் ஆரெண்டு வெளியில சொன்ன நடிகர். நடுவில 50 வருசம். அந்த 50 வருசத்தை ஒரு தம்பியின்ர கலியாணத்தில வைச்சுச் சுமக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவனிட்ட விட்டிட்டன். அவன் பெம்பிளைப் பிள்ளையோட நேரடியாக் கதைச்சிருக்கிறான். அவ பிரதியைக் கேட்டு வாங்கி வாசிச்சிட்டு, காட்சிக்குத் தானும் வாறன் எண்டிருக்கிறா. தகப்பன் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. அவர் வேண்டாமெண்டா அந்த வேசத்துக்கு வேற ஆள் பாப்பம், தம்பி ஒளியமைப்புக்கு வருவான்.

பிரதி கொழும்புக்குப் போட்டுது, வவுனியாத் தங்கச்சி. கோவையும் திறந்தாச்சு.

புதுக்குடியிருப்பு ஐயா, உங்களுக்கு ஒரு அழைப்பிதழ் அனுப்புவன். வந்து பாத்திட்டு, நேரம் வீண் எண்டா என்ர முகத்துக்கு நேர சொல்லுங்கோ. கேப்பன்.

அலம்பில் அண்ணை, இந்த நாடகம் முடிய அடுத்தது எங்கட சொந்தப் பிரதி. போன் நம்பர் இல்லாதவன்ர கதை. அதை நீங்கள் இல்லாமல் எழுத நான் விரும்பேல்லை. உங்கட பேர் வரத்தேவையில்லை, ஒத்திகைக்கு வரவும் தேவையில்லை. விருப்பமெண்டா நாங்கள் நாலைஞ்சு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்க வாறம், உங்கட கூட்டாளியள் சம்மதிச்சா. கறி நாங்களும் கொண்டுவருவம்.

மற்றவைக்கு ஒரு உதவி: மண்டபத்தில மேடை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி பழுது. வவுனியா, மாங்குளம் பக்கம் ஆரிட்டயும் வாடகைக்கு இருந்தா உள்பெட்டியில எழுதுங்கோ. ஜெனரேட்டர் எங்களிட்ட இருக்கு.